ரிடோ கால்வாய்க் கரையோடு ஐந்து நாள்

முதலாம் நாள் – ஒட்டாவா

விடிய ஐந்து மணிக்கு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டோம். நானும் நண்பரும் மட்டும். இருபத்திரண்டு வருடம் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் நின்றவர்கள் நாங்கள். இப்போது இருவருக்கும் ஓய்வு. அவருடைய பாட்டனுக்குப் பூட்டன் அயர்லாந்திலிருந்து வந்து ரிடோ கால்வாய் வெட்டினவர் என்று அவர்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கதையில் மிஞ்சியிருப்பது மூன்றே விஷயம்: ஒரு பெயர், அவர் காய்ச்சலில் செத்தார் என்பது, கைக்குழந்தையோடு மனைவி கிங்ஸ்ரன் பக்கம் போனாள் என்பது. எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. பெயரும் அயர்லாந்தில் ஊருக்குப் பத்து வீட்டில் இருக்கிற பெயர். அந்த ஊரைத் தேடித்தான் இந்தப் பயணம். அன்றன்று கண்டதை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

மத்தியானத்துக்கு முன்னரே பாராளுமன்றக் குன்றின் கிழக்கு அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். கால்வாய் இங்கேதான் ஒட்டாவா ஆற்றிலிருந்து ஏறத் தொடங்குகிறது. எட்டு லொக், ஒன்றின் மேல் ஒன்றாக, பெரிய கற்படிக்கட்டு போல. லொக் என்பது இரண்டு பக்கமும் கனத்த மரக்கதவு போட்ட ஒரு கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடிவிட்டு மேலேயுள்ள நீரைத் திறந்து விடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். மேல்மட்டத்துக்கு வந்ததும் மேற்கதவு திறக்கும், படகு அடுத்த தொட்டிக்குள் போகும். எட்டுத் தொட்டியும் சேர்ந்து படகை 24 மீட்டர் தூக்குகின்றன. எங்கள் ஊர்க் குளத்துத் துருசைத் திறந்து பழகிய ஆட்களுக்கு இது உடனே பிடிபடும். இன்றைக்கும் இரண்டு இளம்பிள்ளைகள் இரும்புக் கைபிடியைச் சுற்றித்தான் கதவைத் திறந்தார்கள். ஒரு சின்னப் படகு மேலே போய்ச் சேரும் வரை அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்ரன் வரை கால்வாயின் நீளம் 202 கிலோமீட்டர். 1826இல் வேலை தொடங்கி 1832இல் திறந்தார்கள். 1812இல் அமெரிக்காவோடு நடந்த போரில் பிரித்தானிய அரசு ஒரு பாடம் படித்திருந்தது. மொன்றியலிலிருந்து கிங்ஸ்ரனுக்குப் போகும் சென் லோரன்ஸ் ஆறு எல்லையை ஒட்டியே ஓடுகிறது. எதிரி கரையில் நின்றே மறித்துவிடலாம். அதனால் உள்நாட்டுக்குள்ளால் இன்னொரு நீர்வழி தேவைப்பட்டது. பொறுப்பாக வந்தவர் றோயல் எஞ்சினியர்ஸ் படையின் லெப்டினன்ட் கேணல் ஜோன் பை. ஒட்டாவா நகரம் முதலில் அவர் பெயரில் பைட்டவுன் என்றுதான் இருந்தது.

லொக்குகளின் பக்கத்தில் 1827இல் கட்டிய பண்டகசாலை இன்னும் நிற்கிறது. ஒட்டாவாவில் மிஞ்சியிருக்கும் கற்கட்டடங்களில் மிகப் பழையது இதுதான், இப்போது பைட்டவுன் அருங்காட்சியகம். கல்லும் இரும்பும் வெடிமருந்தும் உணவும் இதற்குள் இருந்துதான் கணக்கெழுதி வெளியே போயின. இந்த லொக்குகளுக்கு அடிக்கல் வைத்தவர் வடதுருவக் கடல்களை ஆராய்ந்த சேர் ஜோன் பிராங்கிளின். வைத்த நாள் 1827 ஓகஸ்ட் 16. ஒரு கல்லை வைத்தவருக்குப் பெயரும் தேதியும் இருக்கிறது. மற்றக் கற்களையெல்லாம் தூக்கியவர்களை நினைத்து அருகிலேயே ஒரு கெல்ற்றிக் சிலுவை நட்டிருக்கிறார்கள். அதில் அந்த மனிதர்களின் பெயர் இல்லை. நண்பர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கனநேரம் அதன் முன்னால் நின்றார். நானும் ஒன்றும் கதைக்கவில்லை.

இரண்டாம் நாள் – ஆவணக் காப்பகம்

முழுநாளும் வெலிங்ரன் தெருவிலுள்ள நூலகமும் ஆவணக்காப்பகமும் என்ற தேசிய நிறுவனத்திலேயே போனது. பையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பென்சிலும் தாளும் மட்டும் கொண்டு உள்ளே போக வேண்டும்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தேடுகிறவர்கள் நாட்கணக்கில் அலைவார்கள். கால்வாய் அரசாங்கத்துடையது. ஆனால் வேலையாட்கள் அரசாங்கத்தின் ஆட்கள் அல்ல. ஜோன் பை வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். ஒப்பந்தக்காரர் தனக்குத் தேவையான கூலிகளைத் தானே பிடித்தார், சம்பளமும் தானே கொடுத்தார். இத்தனை கனயார் மண், இத்தனை கனயார் பாறை, இத்தனை கனயார் கற்கட்டு என்றுதான் அரசுக்குக் கணக்குப் போனது. அந்தக் கணக்குகள் படைத்துறைக் கோப்புகளில் வரைபடங்களோடும் கடிதங்களோடும் கிடக்கின்றன. மைக்ரோபிலிமில் பார்த்தோம். எழுத்து அழகு, கணக்கு துல்லியம். மண்வெட்டி பிடித்தவனின் பெயரைத்தான் அந்தத் தாள்களில் காணவில்லை. ஒப்பந்தக்காரர்களின் கூலிப் பட்டியல்களைக் காப்பாற்றி வைக்க வேண்டிய கடமை ஒருவருக்கும் இருக்கவில்லை.

படையினர் என்றால் வேறு கதை. கால்வாய்க்கென்று பிரித்தானியா அனுப்பிய றோயல் சப்பர்ஸ் அன்ட் மைனர்ஸ் என்ற பொறியியல் படையின் 7ஆம், 15ஆம் கம்பனிகளில் இருந்தவர்களைச் சம்பளப் பதிவேடுகளில் தேடலாம். உங்கள் முன்னோர் சப்பர் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. நண்பரின் ஆள் சப்பர் இல்லை.

பிறகு தேவாலயப் பதிவேடுகள். பைட்டவுன் கத்தோலிக்கப் பங்கின் பழைய ஞானஸ்நானப் பக்கங்களில் அயர்லாந்துப் பெயர்கள் நிறைய இருக்கின்றன, பிரெஞ்சுப் பாதிரிமார் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். ஒரே குடும்பப்பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பதைக் கண்டோம். அதனால் எழுத்துக்கூட்டலை நம்பாமல் வாய்விட்டு உச்சரித்துப் பார்த்தே தேட வேண்டும். ஆனால் பாதிரிமார் சிலபேர்தான், கால்வாயோ காட்டுக்குள் இருநூறு கிலோமீட்டர். பாதிரி போய்ச் சேராத இடத்தில் செத்தவருக்குப் பதிவேட்டில் வரி விழாது.

பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணி வரை ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நாங்கள் கடைசிக்கென்று வைத்திருந்ததை எடுத்தோம். மக்கேப் பட்டியல்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1823இலும் 1825இலும் பிரித்தானிய அரசு தன் செலவில், பீற்றர் றொபின்சன் என்பவரின் பொறுப்பில், அயர்லாந்தின் தெற்கிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை மேல் கனடாவுக்கு, அதாவது இப்போதைய ஒன்ராறியோவுக்கு, கொண்டுவந்து குடியேற்றியது. அப்படி இன்னொரு முறையும் நடக்கும் என்ற பேச்சுக் கால்வாய்க் கரையெங்கும் பரவியது. உடனே 1829 பெப்ரவரியில், பைட்டவுன் பக்கம் இருந்த அயர்லாந்துக்காரர் ஏறத்தாழ 700 பேர் தங்கள் பெயர்களைக் கொடுத்தார்கள். பலர் கால்வாய்க் கூலிகள். ஊரில் விட்டுவந்த சொந்தங்களையும் கப்பலேற்றி அனுப்புங்கள் என்பதே அவர்கள் கேட்டது. அதற்காக ஒவ்வொருவரும் மாவட்டம், பங்கு, ஊர் என்று வரிசையாகச் சொன்னார்கள். அங்கே இருக்கும் உறவினர் யார், அவர்களைத் தெரிந்த பாதிரியோ நிலச்சொந்தக்காரரோ யார் என்பதையும் சொன்னார்கள். தாள் லண்டனுக்குப் போனது. கேட்ட மாதிரிக் கப்பல் வரவில்லை. ஆனால் தாளை ஒருவரும் எறியவில்லை. குடியேற்ற நாடுகள் அலுவலகத்தின் கோப்புகளோடு இருந்த அது பிற்காலத்தில் அச்சிலும் வந்தது.

அயர்லாந்தில் பரம்பரை தேடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1922 ஜூனில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நான்கு நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொதுப் பதிவகம் எரிந்து சாம்பலானது. 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீட்டுத் தாள்களில் பெரும்பகுதி அதோடு போயிற்று. அயர்லாந்தில் எரிந்தது எரிந்ததுதான். கனடாவில் ஒரு கூலி தன் வாயால் சொன்ன ஊர்ப்பெயர் தப்பியிருக்கிறது.

நண்பரின் விரல் அச்சுப் பக்கத்தில் மெல்ல மெல்ல இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. அந்தப் பெயர் இருந்தது. பக்கங்களைப் புரட்டினோம், இன்னொரு இடத்திலும் அதே பெயர். இரண்டு பேர், இரண்டு வேறு மாவட்டம். ஒருவர் தாயையும் இரண்டு தம்பிமாரையும் கேட்டிருக்கிறார். மற்றவர் மனைவியின் சகோதரியைக் கேட்டிருக்கிறார். எங்கள் ஆள் இவர்களில் ஒருவரா, இருவருமே இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி இருந்தார்.

எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. 1994இல் அம்மாவை ஸ்பொன்சர் பண்ண நான் நிரப்பிய தாள்கள். அம்மாவின் முழுப்பெயர், பிறந்த ஊர், கிராம சேவையாளர் பிரிவு, அவரை அறிந்தவர் யார். அதே கேள்விகள். இந்த நாட்டில் நான் எத்தனை ஆயிரம் பாகங்களைப் பொருத்தினேன் என்பதற்கு எங்கும் ஒரு தாள் இருக்காது. அம்மாவைக் கூப்பிட்ட தாள் இருக்கும். கால்வாய்க்காரருக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. உழைத்ததற்காக அவர்கள் பெயரை ஒருவரும் எழுதவில்லை. வீட்டாரைக் கூப்பிட நினைத்ததால் எழுதினார்கள்.

மூன்றாம் நாள் – இன்னும் ஒட்டாவாவில்

இன்று மழை. காலையில் கால்வாயின் மேலுள்ள கோர்க்ரவுன் நடைபாலத்தில் நடந்தோம். கால்வாய் வெட்டின நாளில் அயர்லாந்துக் கூலிகளின் குடியிருப்பு இந்தப் பக்கம்தான் இருந்தது. கோர்க் மாவட்டத்தின் பெயரில் அதைக் கோர்க்ரவுன் என்றார்கள். கரை மண்ணைக் குடைந்தும், மரக்கட்டையை மண்ணால் பூசியும் குடிசை போட்டு, பெண்களும் பிள்ளைகளுமாக ஒட்டாவாக் குளிர்காலத்தை அதற்குள் கடந்திருக்கிறார்கள். வேலை மேற்பார்வையில் இருந்த ஜோன் மக்ரகாட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இந்த மண்வீடுகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுத்தில் அந்த மனிதர்கள் மேல் மரியாதை குறைவு. ஆனாலும் பாறை வெடிக்கும் வேலை தெரியாத அயர்லாந்துக்காரர் எப்படிச் சிதறிச் செத்தார்கள் என்பதை அவரும் பதிந்திருக்கிறார். ஊரில் உருளைக்கிழங்குத் தோட்டம் கொத்தின கைகளுக்கு இங்கே வெடிமருந்தைக் கொடுத்தார்கள்.

பின்னேரம் பீச்வூட் மயானம். பைட்டவுனின் முதல் இடுகாடு இப்போதைய நகரின் நடுவில் இருந்தது. 1827 முதல் 1845 வரை அங்கேதான் புதைத்தார்கள். பிறகு அதன் மேல் தெருக்களும் கட்டடங்களும் வந்துவிட்டன. 2013இல் குவீன் தெருவில் இலகு ரயிலுக்காகத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. 79 பேரின் எச்சங்களை எடுத்து ஆராய்ந்து, 2017இல் இங்கே திரும்ப அடக்கம் செய்தார்கள். பெரியவர்களும் குழந்தைகளும். நண்பர் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார், மழை அணைத்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கொளுத்தினோம்.

நான்காம் நாள் – மெரிக்வில், நியூபரோ, சாஃபீஸ்

வெயில் வந்துவிட்டது. மேப்பிள் மரங்கள் நுனியில் சிவக்கத் தொடங்கியிருக்கின்றன. காரில் தெற்கே இறங்கினோம்.

கால்வாய் என்று சொன்னாலும் 202 கிலோமீட்டரில் உண்மையில் வெட்டியது 19 கிலோமீட்டர் அளவுதான். மிச்சமெல்லாம் ரிடோ, கற்றரக்கி என்ற இரண்டு ஆறுகளும் அவற்றை அடுத்த ஏரிகளும். ஆற்றில் அணையைக் கட்டி நீரைத் தேக்கினால் பாறைகளும் ஓட்டமும் ஆழத்துக்குள் மூழ்கிவிடும், படகு போகலாம். ஜோன் பை செய்த கெட்டித்தனம் அது. தேங்கிய அந்த நீரும், ஏற்கெனவே இருந்த சதுப்பும், வெட்டிப் போட்ட மரங்களும் நுளம்புக்கு நல்ல இடமாகிவிட்டன.

மலேரியாதான் அந்தக் காய்ச்சல். கனடாவில் மலேரியாவா என்று நானும் முதலில் கேட்டேன். அது வைவாக்ஸ் வகை. நோய்க்கிருமி ஈரலில் பதுங்கிக் கிடந்து அடுத்த வருடம் திரும்பக் கிளம்பும், குளிர்காலத்தையும் தாண்டும். 1828, 1830 இரண்டும் கொடிய வருடங்கள். ஓகஸ்டில் வேலைத்தளங்களே நின்றுபோயின, ஏனென்றால் எழுந்து நிற்க ஆள் இல்லை. சதுப்பிலிருந்து வரும் கெட்ட காற்றால் வருகிறது என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். காற்றோட்டத்துக்காகக் கரை மரங்களைக் கூட வெட்டித் தள்ளினார்கள். நுளம்புதான் காவுகிறது என்பதை ரொனால்ட் றொஸ் இந்தியாவில் கண்டுபிடித்தது 1897இல். குயினின் இருந்தது, ஆனால் விலை அதிகம். கூலிக் குடிசை வரை வந்து சேரவில்லை.

எனக்கு அந்தக் காய்ச்சல் தெரியும். வன்னியில் இருந்த காலத்தில் இரண்டு தரம் வந்தது. நடுங்கத் தொடங்கினால் மூன்று சாக்குப் போட்டு மூடினாலும் நிற்காது, பிறகு உடம்பு நெருப்பாகும், பிறகு வியர்வையில் பாய் நனையும். குளோரோக்குயின் குளிசையின் கசப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. குளிசை இருந்ததால் நான் எழுந்தேன். கரையில் நின்று இதை நண்பருக்குச் சொன்னேன். அவருடைய வீட்டுக் கதையில் "காய்ச்சல்" என்ற சொல் மட்டும்தான் இருந்ததாம், அது எப்படி இருக்கும் என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லையாம். திரும்பத் திரும்பக் கேட்டார், நானும் சொன்னேன்.

மெரிக்வில்லுக்குப் பக்கத்தில் மக்குவிகன் என்ற பழைய இடுகாடு. கால்வாய் வேலையாட்களும் அங்கே கிடக்கிறார்கள். பெயர் பொறித்த கற்கள் பெரும்பாலும் ஊர்க் குடும்பங்களுடையவை. நியூபரோவில் பாறை. அங்கே இறுகின பாறையோடு மல்லுக்கட்டி ஒப்பந்தக்காரர் கைவிட்டுப் போக, சப்பர்ஸ் படையை இறக்கியும் ஒரு லொக்கைக் கூட்டி ஏரி நீரை உயர்த்தியும் வெட்ட வேண்டிய ஆழத்தைக் குறைத்தார்கள். சப்பர்களின் சின்ன இடுகாடு ஒன்று ஊரில் இருக்கிறது.

சாஃபீஸில் ஆலைகள் வைத்திருந்த சாமுவேல் சாஃபீ 1827இலேயே காய்ச்சலில் போனார். முதலாளியையும் அது விடவில்லை. இடுகாட்டு நினைவுச் சுவரின் முன்னால் நின்றபோது மாலை ஐந்து மணி. ஒரு நுளம்பு என் மணிக்கட்டில் வந்து இருந்தது. தட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் – ஜோன்ஸ் ஃபோல்ஸ், கிங்ஸ்ரன்

ஜோன்ஸ் ஃபோல்ஸ் அணையை வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டும். 18 மீட்டர் உயரம், 107 மீட்டர் நீளம், வளைந்த கல் அணை. கட்டி முடித்தபோது வட அமெரிக்காவிலேயே உயரமான அணை. நிமிர்த்தி அடுக்கிய கற்கள், இவ்வளவு காலமாக ஒரு ஏரியைத் தாங்கி நிற்கின்றன. ஒப்பந்தக்காரர் ஜோன் ரெட்பாத். ரொறன்ரோவில் நாங்கள் வாங்கும் சீனிப் பையில் இருக்கிற அதே ரெட்பாத். கால்வாயில் உழைத்த பணத்தோடு மொன்றியலுக்குத் திரும்பி, பின்னாளில் சீனி ஆலை தொடங்கினவர். நல்ல வேலைக்காரர், அதில் சந்தேகமில்லை. 1828 கோடையில் இந்தப் பள்ளத்தில் காய்ச்சல் வராதவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அணையடியில் நின்று கதைத்தால் குரல் கல்லில் பட்டுத் திரும்பி வரும். நண்பர் அந்தப் பெயரை உரத்துக் கூப்பிட்டார். ஒருமுறைதான்.

கிங்ஸ்ரன் மில்ஸில் நான்கு லொக். 1832 மே மாதம், திறப்புப் பயணத்தில், "பம்பர்" என்ற நீராவிப் படகு ஜோன் பை குடும்பத்தோடு இந்தப் பக்கமிருந்து ஐந்து நாளில் பைட்டவுன் போனது. அதே வருடம் அவரை லண்டனுக்குத் திருப்பி அழைத்து, எட்டு லட்சம் பவுணுக்கு மேல் செலவழித்ததற்குக் கணக்குக் கேட்டார்கள். மனமுடைந்து 1836இல் செத்தார். அவருக்கும் அநியாயம் நடந்தது என்றே நான் நினைக்கிறேன். வேலை முடிந்ததும் கூலிகள் மரம் வெட்டப் போனார்கள், சிலர் காணி வாங்கினார்கள்.

கிங்ஸ்ரன் நீர்க்கரைப் பூங்காவிலும் ஒரு சிலுவை. கால்வாயில் செத்த அயர்லாந்துக்காரரும் அவர்களோடு உழைத்தவர்களும் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்ற மதிப்பீட்டை அதில் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கனடியரும் ஸ்கொட்லாந்துக் கல்தச்சரும் அந்த ஆயிரத்தில் உண்டு.

இரவு தங்குமிடத்தில் மடிக்கணினியைத் திறந்தோம். அயர்லாந்துத் தேசிய ஆவணக்காப்பகம் 1823 முதல் 1837 வரையான தேவாலய வரிப் புத்தகங்களை இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது. நிலம் பயிரிட்டவர் பெயர் ஊர்வாரியாக இருக்கும். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களும் தேசிய நூலகத் தளத்தில் இலவசம். பட்டியலில் கண்ட இரண்டு ஊரையும் தட்டினோம். மனைவியின் சகோதரியைக் கேட்டவருடைய ஊரில் அந்தக் குடும்பப்பெயர் ஒரு வரியிலும் இல்லை. தாயையும் தம்பிமாரையும் கேட்டவருடைய ஊரில் நான்கு வரி இருந்தது. நான்கு வீடு, சின்னச் சின்ன நிலத்துண்டு, நான்கும் பக்கத்துப் பக்கத்தில்.

எந்த வீடு என்று தெரியாது. நண்பர் நான்கையும் தன் கொப்பியில் பென்சிலால் எழுதிக்கொண்டார். இப்போது அந்தப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். மணி ஒன்றரை. படுக்கச் சொன்னேன், இன்னும் இரண்டு பக்கம் என்கிறார்.